மூடு விட்டு நாலு விரல்

குலசேகரம் அறுப்பு மில்லிலிருந்து
பதினாறு சாக்கு மரச்சீவல்.
சாக்குக்கு முப்பது ரூபாய், இறக்குகூலி தனி.
பொன்னையன்விளை முக்கு வரைதான் டெம்போ வரும்,
அதற்கப்புறம் தலைச்சுமை.

"விறகுக்கும் ஆவாது, எதுக்கக்கா இது?"
டெம்போ ஓட்டிவந்த ஜெபலின் கேட்டான்.
வழுதலைக்குப் போர்வை என்றேன்.

எந்த மரம் என்று நான் கேட்கவில்லை.
சாக்கை அவிழ்த்ததும் மணத்தில் தெரிந்தது:
புளித்த ரப்பர் பால்.
நாலாம் பிளாக்.
ஓடைச் சரிவில் முந்நூற்றுப் பன்னிரண்டு மரம்,
பதினோரு வருஷம் நான் கத்தி வைத்தவை.
நல்ல தடியெல்லாம் பலகையாகப் பெரும்பாவூர் போனது.
கொப்பும் புறப்பலகையும் மெஷினுக்குள் போய்
என் முற்றத்துக்கு வந்திருக்கிறது.

முதல் சாக்கை வீணாக்கினேன்.
மண்வெட்டியால் கொத்தி உள்ளே கலந்துவிட்டேன்.
பத்தாம் நாள் வழுதலை மஞ்சளித்தது.
அடுத்த விளை தங்கலீலா மதில்மேல் எட்டிப் பார்த்து
"கண்ணு பட்டிருக்கும்" என்றாள்.
யார் கண் என்று சொல்லவில்லை.
விஷயம் வேறு.
மண்ணுக்குள் மட்குகிற மரம்
மண்ணின் சத்தைக் கடன் கேட்கும்.
திருப்பித் தரும்தான்,
இந்த வழுதலை சாவதற்குள் தராது.

ஒரு ஞாயிறு, ஆராதனைக்கும் போகாமல்,
அத்தனையும் பொறுக்கி எடுத்து
மேலே பரப்பினேன். கொத்தவில்லை, கிளறவில்லை.

இரண்டாம் பிழை பப்பாளிக்கு.
அதிகம் வைத்தால் அதிகம் நல்லது என்று
கழுத்துவரை குவித்தேன்.
ஆனி மழையில் மூடு அழுகி
காயும் தானுமாய்த் தங்கலீலாவின் மதிலில் சாய்ந்தது.
அவள் காயை எடுத்துக்கொண்டு
மரத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

இப்போது எதற்கும் மூடு விட்டு நாலு விரல்.
காற்று சுற்றிவர ஒரு வளையம்.

சிதல் வரும், கதவைத் தின்னும் என்றார்கள்.
வந்தது.
சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் பரப்பியிருக்கிறேன்,
சீவலைத் தின்றுகொண்டு அங்கேயே இருக்கிறது.
கதவு ஆயினிப்பலகை. அவசரமில்லை.

மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
வெட்டுக்கு மரம் இல்லை என்கிற சேதி
கண்ணுக்கு இன்னும் போய்ச்சேரவில்லை.
நெற்றியில் பழைய லைட்டைக் கட்டிக்கொண்டு
இஞ்சிப் பாத்தியில் குனிகிறேன்.
நத்தை. கைப்பிடி கனத்தில் ஆப்பிரிக்க நத்தை.
சீவலின் ஈரம் அதற்கும் பிடித்திருக்கிறது.
உப்புத்தண்ணி வாளிக்குள் ஒவ்வொன்றாய்.
நேற்று நாற்பத்தொன்று.

ஐப்பசி மழை விட்ட ஒரு விடியலில்
சீவலை விரலால் நீக்கினேன்.
அடியில் வெள்ளை வெள்ளையாய்
துண்டுக்குத் துண்டு நூலோடியிருந்தது பூசணம்.
ஒரு நொடி
சிரட்டையைத் தேடிப்போனது கை.
யாரும் வெட்டாமல் வடிந்த பால்.

அங்கேதான் அந்தத் துண்டும் கிடந்தது.
உள்ளங்கை அகலம்,
சரிந்து இறங்கும் பழைய தழும்பு,
நடுவில் கத்தி பட்டையைத் தாண்டித் தடியைத் தொட்ட இடம்
முண்டாய் ஆறியிருந்தது.
தடியில் கத்தி பட்டால் மரத்துக்கு ஐந்து ரூபாய்
கூலியில் பிடிப்பார் சூப்பர்வைசர் ஏசுவடியான்.
என்னிடம் மூன்று தடவை பிடித்திருக்கிறார்.
இது என் கையா,
நான் பனியில் கிடந்த வாரம்
பதிலுக்கு வந்த விமலாபாயின் கையா?
லைட்டை நெருக்கிப் பார்த்தேன்.
தெரியவில்லை.
மரம் ஆறியிருக்கிறது, அது தெரிந்தது.
அந்த ஐந்து ரூபாய் மட்டும் இன்னும் வரவேண்டும்.

அதையும் இஞ்சியின்மேல் வைத்தேன்.

தண்ணீர் இப்போது நாலு நாளைக்கு ஒருமுறை.
பரப்பியது பாதியாய்த் தாழ்ந்து
எது சீவல் எது மண் என்று
கோழிக்கே குழப்பம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கலீலா இருமுகிறாள்.
ஏதாவது வேண்டுமென்றால் இருமுவாள்.
சாய்ப்பில் மிச்சம் ரெண்டு சாக்கு கிடக்கு, வேணுமா என்றேன்.
"நத்தையத்தான் முதல்லயே தந்துட்டியே" என்றாள்,
"இனி சாக்கையும் தா."